இன்டெக்ஸ் 1: பழைய சிடி பிளேயர்களும் மறந்துபோன பொத்தான்களும்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சிடி பிளேயரின் முகப்பில் நீலப்பச்சை வெளிச்சத்தில் எண்கள் எரியும். எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம், எத்தனை நொடி. இவற்றுக்கு நடுவே 'இன்டெக்ஸ்' என்று பொடி எழுத்தில் போட்டு இன்னோர் எண். எந்தத் தட்டைப் போட்டாலும் அது 1. பாட்டு மாறினாலும் 1, தட்டு மாறினாலும் 1. ரிமோட்டில் அதற்கென்றே இரண்டு பொத்தான்கள் இருந்தன. அழுத்தினால் உள்ளே எதையோ தேடுகிற சத்தம் கேட்கும். பிறகு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். துபாயிலிருந்து அதைத் தூக்கிவந்த சித்தப்பாவிடம் கேட்டேன். "அது ரிப்பேரா இருக்கும்டா, நோண்டாத" என்றார்.

ரிப்பேர் இல்லை என்று தெரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. பழைய புத்தகங்களோடு பழைய தட்டுகளும் விற்கிற ஒருவரிடம், டெனான் நிறுவனம் ஜப்பானில் அச்சிட்ட மேற்கத்திய செவ்வியல் இசைத் தட்டு ஒன்றை வாங்கிவந்தேன். சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது, பாட்டு எண் மாறாமலேயே அந்த 1 மட்டும் 2 ஆனது. சில நிமிடங்களில் 3. தட்டோடு வந்த சிறு புத்தகத்தைப் பிரித்தேன். ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே இசையில் அது எந்த இடம் என்று அச்சிட்டிருந்தார்கள். பிளேயர் முதல் நாளிலிருந்தே சொல்லத் தயாராக இருந்திருக்கிறது. நாங்கள் போட்ட தட்டுகளில்தான் யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

1980-களின் சிடி பிளேயர்கள்மீது இப்போது ஓர் ஏக்கம் கிளம்பியிருக்கிறது. அந்தக் கால மெஷின் கனமாக இருக்கும், ஒலி இனிமையாக இருக்கும், இன்றைக்கு இல்லாத வசதியெல்லாம் இருக்கும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒலியைப் பற்றிய புகழ்ச்சியில் கற்பனை அதிகம் என்பது என் கருத்து. கட்டுமானத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி உண்மை. வசதிகளைப் பற்றிய வருத்தம்தான் நியாயமானது. ஆனால் அதிலும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில பொத்தான்கள் பயனற்றுப்போகும் காலம் வந்து போயின. சில பொத்தான்களுக்குப் பயன்படுகிற காலமே வரவில்லை.

கதை தொடங்கிய நாள் நன்றாகத் தெரியும். பிலிப்ஸ் தன் ஊரான ஐந்தோவனில் 1979 மார்ச்சில் மாதிரிக் கருவியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. பிறகு சோனியோடு சேர்ந்து 1980-இல் 'ரெட் புக்' எனப்படும் வரையறையை முடித்தது. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 1,68,000 யென். 101 என்பது நூற்றொன்று அல்ல, இரும எண்ணில் 5. பின்னால் வரப்போகும் வரிசையில் இது நடுத்தர மாடல் என்று குறிக்கத்தான் அந்த எண்ணாம். அதே நாளில் சிபிஎஸ்/சோனி 50 தட்டுகளை வெளியிட்டது. முதலாவது, பில்லி ஜோயலின் '52-ஆவது தெரு'. அதன் பட்டியல் எண் 35டிபி-1. அந்த 35 விலையைக் குறிப்பது: 3,500 யென். பட்டியல் எண்ணிலேயே விலையைப் பொதிந்துவைத்த நாட்டில்தான், பிளேயரின் பெயரில் இரும எண் வைக்கவும் தோன்றியிருக்கும்.

அதே சமயத்தில் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-பி10, ஹிட்டாச்சி டிஏ-1000 போன்றவற்றில் தட்டு நின்றவாக்கில் சுழலும், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும். அதில் பொறியியல் லாபம் ஒன்றும் இல்லை. இசைத்தட்டு சுழல்வதைப் பார்த்தே கேட்டுப் பழகியவர்களுக்கு, உள்ளே ஏதோ நடக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. பிலிப்ஸின் சிடி100 மேல்மூடியைத் திறந்து தட்டு வைக்கிற கையடக்கமான பெட்டி. டிராயர் மாதிரி முன்னால் நீண்டு, தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற டிரே சோனியுடையது. கடைசியில் எல்லோரும் அந்த டிரேக்கே வந்து சேர்ந்தார்கள். மற்ற கருவிகளைப் பிளேயரின்மேல் அடுக்கி வைக்கலாம், அவ்வளவுதான் காரணம்.

மறந்துபோன வசதிகளைப் புரிந்துகொள்ள, தட்டில் இசையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிடியில் ஒலிக்கு இணையாக எட்டு மெல்லிய ஓடைகள் ஓடுகின்றன. துணைக்குறி என்று சொல்லலாம். பி, கியூ தொடங்கி டபிள்யூ வரை எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். பி ஓடை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று கொடி காட்டுவதோடு சரி. கியூ ஓடையில்தான் சரக்கு. ஒரு நொடியை 75 பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் இப்போது எத்தனையாவது பாட்டு, அதற்குள் எத்தனையாவது இன்டெக்ஸ், பாட்டு தொடங்கி எவ்வளவு நேரம், தட்டு தொடங்கி எவ்வளவு நேரம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பாட்டுகள் 1 முதல் 99 வரை. ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இன்டெக்ஸ் 0 முதல் 99 வரை. புத்தகத்துக்கு அத்தியாயமும் அதற்குள் பிரிவும் போல.

கர்னாடக இசை கேட்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவி ஒரே பாட்டு எண்ணில் ஓடுகிறது. ஆலாபனை இன்டெக்ஸ் 1, வயலின் ஆலாபனை 2, தானம் 3, பல்லவி 4, நிரவல், ஸ்வரம், ராகமாலிகை, தனி ஆவர்த்தனம் என்று குறித்துவைத்திருந்தால், கச்சேரி உடையாமலும் இருக்கும், தனி ஆவர்த்தனத்துக்கு ஒரு பொத்தானில் போகவும் முடியும். அப்படிக் குறித்த கர்னாடக இசைத் தட்டு ஒன்றுகூட என் கையில் அகப்பட்டதில்லை. தனித்தனிப் பாட்டாக வெட்டினார்கள், அல்லது வெட்டாமல் மொத்தமாக விட்டார்கள். மேற்கிலும் டெனான் போன்ற ஒரு சிலரும், ஒலி விளைவுத் தொகுப்புகள் வெளியிட்டவர்களும்தான் இந்த வசதியை மதித்தார்கள். தட்டு வெளியிடுகிறவர் குறிப்பதில்லை, அதனால் கேட்கிறவர் பொத்தானைத் தொடுவதில்லை. தொடுவதில்லை என்று பிளேயர் செய்கிறவர் பொத்தானை எடுத்துவிட்டார். பொத்தானே இல்லாதபோது யார் குறிப்பார்கள்? 1990-களின் நடுவில் மலிவு பிளேயர்களில் அந்தப் பொத்தானைத் தேடினாலும் கிடைக்காது.

இன்டெக்ஸ் 0 மட்டும் வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவிலுள்ள மௌனம்தான் இன்டெக்ஸ் 0. அந்த இடத்தில் பிளேயரின் கடிகாரம் பின்னோக்கி எண்ணும்: மூன்று, இரண்டு, ஒன்று, பிறகு பாட்டு. முதல் பாட்டுக்கு முன்னாலும் அப்படி ஓர் இடம் உண்டு. சாதாரணமாகத் தட்டைப் போட்டால் பிளேயர் அதைத் தாண்டிப் போய் முதல் பாட்டில்தான் இறங்கும். குறும்புக்காரக் குழுக்கள் அங்கே ஒரு பாட்டை ஒளித்துவைத்தன. தே மைட் பி ஜயன்ட்ஸ் 1996-இல் வெளியிட்ட 'ஃபேக்டரி ஷோரூம்' தட்டில் முதல் பாட்டு தொடங்கியதும் பின்னோக்கி ஓட்டும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், பட்டியலில் இல்லாத ஒரு பாட்டு கிடைக்கும். பழைய பிளேயர்கள் இதற்குச் சம்மதிக்கும். பின்னால் வந்த பலவும் சம்மதிக்காது.

கியூ ஓடையில் இன்னொரு சிறு கொடி இருக்கிறது. பழைய தட்டு சேகரிப்பவர்களை இன்றைக்கும் தூங்கவிடாத கொடி அது. 80-களின் தொடக்கத்தில் ஒலியை எண்ணாக மாற்றுகிற கருவிகள் அவ்வளவு தேர்ச்சியானவை அல்ல. உயர் சுருதிகளில் இரைச்சல் தெரியும். அதனால் பதிவு செய்யும்போது உயர் சுருதிகளைத் தூக்கிவைப்பார்கள், மேல்கோடியில் சுமார் 10 டெசிபெல் வரை. தட்டில் ஒரு கொடியும் நடுவார்கள். பிளேயர் கொடியைப் பார்த்ததும் அதே அளவு இறக்கிவிடும். இரைச்சலும் சேர்ந்து இறங்கும். இதற்குப் பெயர் பிரீ-எம்ஃபசிஸ். சில பிளேயர்களில் இதற்காகத் தனி விளக்கே எரியும். கேட்பவருக்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

சிக்கல் கணினி வந்த பிறகு தொடங்கியது. 1983-இல் ஜப்பானில் தோஷிபா-இஎம்ஐ வெளியிட்டுச் சீக்கிரமே திரும்பப் பெற்றுக்கொண்ட பீட்டில்ஸின் 'ஏபி ரோடு', அதே வரிசையில் அடுத்த எண்ணோடு வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இரண்டிலும் பிரீ-எம்ஃபசிஸ் உண்டு. இரண்டும் சேகரிப்பாளர்கள் கொள்ளை விலை கொடுக்கிற தட்டுகள். இவற்றைக் கணினியில் ஏற்றினால் கொடி கழன்றுவிடும், தூக்கிய சுருதி தூக்கியபடியே நிற்கும். சிம்பல் சத்தம் தகரத்தைச் சுரண்டுவதுபோல வரும். அதைக் கேட்டுவிட்டு, முதல் பதிப்பில் எவ்வளவு தெளிவு என்று மெய்ம்மறப்பவர்கள் உண்டு; பழைய சிடி என்றாலே காதைக் குத்தும் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரு தரப்பும் கேட்டது அந்தத் தட்டை அல்ல. இதில் இன்னொரு வேடிக்கை, சில தட்டுகளில் இந்தக் கொடி முன்பகுதியிலுள்ள உள்ளடக்கப் பட்டியலில் இருக்காது, பாட்டோடு ஓடும் துணைக்குறியில் மட்டும் இருக்கும். பட்டியலை மட்டும் பார்க்கிற மென்பொருள் ஏமாந்துபோகும். 1983-இல் செய்த பிளேயர் ஏமாறாது.

மீதி ஆறு ஓடைகள் பெரும்பாலான தட்டுகளில் வெறும் சுழியங்கள். அவற்றில் படங்களை ஏற்றலாம் என்று வரையறை சொல்கிறது. சிடி பிளஸ் கிராஃபிக்ஸ் என்ற பெயரில் 80-களின் நடுவில் சில தட்டுகள் வந்தன. 16 நிறம், 288-க்கு 192 புள்ளிகள், திரை நிறைவதற்குள் பொறுமை போய்விடும். பாட்டு வரிகளை நிறம் மாற்றிக் காட்டுகிற கரோக்கேகாரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, அவர்களிடமே தங்கிவிட்டது. பாட்டின் பெயரைக் காட்டும் சிடி-டெக்ஸ்ட் 1996-இல் இதே ஓடைகளில் வந்தது, தாமதமாக. நான்கு தடங்களில் ஒலி என்று குறிக்கவும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கடைசிவரை யாரும் பயன்படுத்தவில்லை.

இதுவரை சொன்னவை தட்டுக்குள் இருந்து வந்தவை. இன்னொரு வகை, பக்கத்திலிருந்த கேசட் டெக்குக்காக வைத்தவை. இவற்றை இன்று பார்க்கிற இளைஞர்களுக்கு ஒன்றும் விளங்காது. 'எடிட்' என்ற பொத்தானை அழுத்தி, கேசட் 60 நிமிடமா 90 நிமிடமா என்று சொன்னால், எந்தெந்தப் பாட்டை ஏ பக்கத்தில் போட்டால் மீதி நாடா வீணாகாது என்று பிளேயர் கணக்குப் போடும். பக்கம் முடிந்ததும் தானாக நின்று, கேசட்டைத் திருப்பிப்போடக் காத்திருக்கும். 'பீக் சர்ச்' என்பது தட்டு முழுவதையும் ஓட்டமாக மேய்ந்து, சத்தம் மிக உயர்ந்த இடத்தைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பப் போடும். அதைக் கேட்டு டெக்கின் ஒலியளவை முள் சிவப்புக்குள் போகாதபடி வைத்துக்கொள்ளலாம். 'ஆட்டோ ஸ்பேஸ்' பாட்டுகளுக்கு நடுவே மூன்று நொடி மௌனத்தைச் சேர்க்கும். கேசட் டெக்கின் பாட்டுத் தேடும் வசதி மௌனத்தை வைத்துத்தான் அடுத்த பாட்டைக் கண்டுபிடிக்கும், அதற்காக. பாட்டு பாதியில் அறுபடாமல் மெல்லத் தேய்ந்து அடங்க 'ஃபேடர்'.

நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களுக்காகவே செய்ததுபோல இருக்கும் இவையெல்லாம். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துக் கேசட்டை வாங்கிவந்த தலைமுறைக்குத் தெரியும்: ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில் துண்டாகிவிடும் சோகம். நாங்கள் போன கடையில், சிடியிலிருந்து பதிந்தால் கேசட்டுக்குக் கூடுதல் காசு. கடைக்காரரின் பிளேயரில் எடிட் பொத்தான் இருந்தது. ஆனால் அவர் அதைத் தொட மாட்டார். மனக்கணக்கிலேயே போடுவார், கடைசியில் நாடா மிஞ்சினால் கேட்காமலேயே ஒரு இளையராஜா பாட்டைச் சேர்த்துவிடுவார். எந்த எடிட் பொத்தானும் அதைச் செய்யாது.

கேசட் போன பிறகு இந்தப் பொத்தான்கள் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுதுகிறவருக்குத் தூவல் மாறினால் மைக்கூடு எதற்கு? ஆனால் அதே காலத்தில் வந்த வேறொரு வசதியின் வம்சம் இன்றும் நடமாடுகிறது. பிலிப்ஸ் தன் பிளேயர்கள் சிலவற்றில் எஃப்டிஎஸ் என்ற ஒன்றை வைத்தது. தட்டில் உங்களுக்குப் பிடித்த பாட்டுகளை மட்டும் தேர்ந்து பதிந்துவைத்தால், அடுத்த மாதம் அதே தட்டைப் போட்டாலும் பிளேயர் நினைவு வைத்திருந்து அவற்றையே போடும். சிடியில் தட்டின் பெயரே கிடையாதே, எப்படி அடையாளம் கண்டது? உள்ளடக்கப் பட்டியலை வைத்து. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எந்த நொடியில் தொடங்குகிறது என்ற வரிசை, கைரேகைபோலத் தட்டுக்குத் தட்டு மாறும். 1993 வாக்கில் டி கான் என்ற நிரலாளர் கணினிக்காக சிடிடிபி என்ற தரவுத்தளத்தைத் தொடங்கியபோது, அவரும் பிடித்தது இதே ரேகையைத்தான். தட்டைப் போட்டதும் கணினித் திரையில் பாட்டுப் பெயர்கள் தானாக வந்து நின்றனவே, அது இப்படித்தான். அந்தத் தரவுத்தளம் கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, 2008-இல் சோனியிடமே போய்ச் சேர்ந்தது.

ஷஃபிள் என்பதும் சிடி பிளேயர் வீட்டுக்குள் கொண்டுவந்த பழக்கம்தான். இசைத்தட்டிலும் கேசட்டிலும் அது நடக்காத காரியம். இன்று அதுவே உலகம் பாட்டுக் கேட்கிற முறையாகிவிட்டது. ஏ-பி ரிபீட் வேறு கதை: ஓரிடத்தில் ஒரு தரமும், இன்னோரிடத்தில் ஒரு தரமும் அழுத்தினால், நடுவிலுள்ள பகுதி மட்டும் சுற்றிச்சுற்றி வரும். ஒரு சங்கதியைப் பிடிக்க நாற்பது தடவை கேட்கிற வீணை மாணவிக்கு அதைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை. இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் செயலிகள் பலவற்றில் இந்த எளிய வசதி இல்லை என்பது எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-பி1200 போன்ற சில கருவிகளில் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் தள்ளுகோலும் இருந்தது. வானொலி நிலையங்களுக்கும் நடனக்கூடங்களுக்கும் செய்தது. பாடகரின் கட்டைக்கு நம் சுருதிப்பெட்டி ஒத்துவராத வீட்டில் அதற்கு என்ன பயன் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி ஒலி. இங்கேதான் ஏக்கம் கண்ணை மறைக்கிறது. தட்டிலுள்ள எண்ணை மீண்டும் ஒலியாக்க, முதல் தலைமுறையில் சோனி 16 பிட் மாற்றியை வைத்தது. பிலிப்ஸ் கையில் தயாராக இருந்தது 14 பிட் மாற்றி. பிலிப்ஸ்காரர்கள் மாதிரிகளின் வேகத்தை நான்கு மடங்காக்கி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளி, 14 பிட்டிலேயே 16 பிட்டின் தரத்தை எடுத்தார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு முன்னால் நான் இன்றும் தொப்பியைக் கழற்றுவேன். சோனி வேறு விதத்தில் சிக்கனம் பார்த்தது. சிடிபி-101-இல் இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாற்றி. மாறி மாறி வேலை செய்யும். அதனால் ஒரு பக்கம் மற்றதைவிடச் சுமார் 11 மைக்ரோ நொடி பிந்தும். இதைப் பற்றி அன்றைய இதழ்களில் ஆவேசமாக எழுதினார்கள். 11 மைக்ரோ நொடியில் ஒலி காற்றில் போகும் தூரம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

பிலிப்ஸின் அடுத்த மாற்றி டிடிஏ1541-க்கு இன்று ஒரு பக்தர் குழாமே இருக்கிறது. சில்லின் மேல் கிரீடம் அச்சிட்ட தேர்ந்த வகைக்கு மவுசு அதிகம், அதனால் போலிக் கிரீடங்களும் அதிகம். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியைக்கூட மேல்தர சிடி பிளேயர் என்று வாங்கிப்போகிறவர்கள் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்கு மனமில்லை. ஆனால் பழைய தட்டும் புதிய தட்டும் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் பிளேயர் காரணமில்லை. 90-களின் பிற்பகுதியிலிருந்து பாட்டை ஓயாமல் உரக்க ஒலிக்கும்படி நெருக்கிப் பதியும் வழக்கம் வந்தது. மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிட்டன. பழைய தட்டில் அந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. நூறு டாலருக்குக் குறைவான இன்றைய கருவியில் அதே பழைய தட்டைப் போட்டாலும் இருக்கும்.

கட்டுமானம் பற்றிச் சொல்வது பாதி உண்மை என்றேன். பிலிப்ஸின் சிடிஎம்-1 என்ற பாகம் உலோக வார்ப்பு; கண்ணாடி வில்லை; இசைத்தட்டின் முள் கைபோலவே லேசர் ஒரு வளைவில் ஆடி நகரும். அதில் தேயப் பல்சக்கரம் இல்லை. நாற்பது வருடம் ஆகியும் ஓடுபவை உண்டு. லாரியில் குலுங்காமலிருக்க அடியில் சிவப்புத் திருகாணி வைத்துப் பூட்டி அனுப்பிய பிளேயர்களும் உண்டு. அதைக் கழற்ற மறந்துவிட்டு ஓடவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. மறுபக்கம், டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் சில வருடங்களில் இளகிப் பிசினாகிவிடும். மின்தேக்கிகள் காய்ந்துபோகும். லேசர் மங்கும். சென்னை ரிச்சி தெருவில் சோனியின் கேஎஸ்எஸ்-210ஏ வகை லேசரை வெகுகாலம் கத்தரிக்காய் மாதிரி குவித்து விற்றார்கள். அது உலகெங்கும் எண்ணற்ற பிளேயர்களில் போட்ட சாதாரண பிளாஸ்டிக் பாகம். ஆனால் கிடைக்கும். முதல் தலைமுறையின் அந்த அருமையான உலோகப் பாகங்களுக்கு மாற்று வேண்டுமென்றால், இன்னொரு பழைய பிளேயரைப் பலிகொடுக்க வேண்டும்.

கனமே மதிப்பு என்ற எண்ணத்தை உடைத்ததும் சோனிதான். 1984-இல் வந்த டி-50-ஐ உருவாக்கும்போது, குழுத் தலைவர் கோசோ ஓசோனே ஒரு மரக்கட்டையைக் காட்டினாராம்: 13.4 சென்டிமீட்டர் சதுரம், 4 சென்டிமீட்டர் கனம். இதற்குள் அடக்குங்கள் என்றார். அடக்கினார்கள். விலை 49,800 யென். இரண்டு வருடத்துக்கு முந்தைய சிடிபி-101-இன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிடி அதன் பிறகுதான் பொதுமக்களின் பொருளாயிற்று. அந்தச் சிறு பெட்டியில் இன்டெக்ஸ் பொத்தானுக்கும் பீக் சர்ச்சுக்கும் இடம் எங்கே? விலை இறங்கியதை வரவேற்றவர்கள் பொத்தான்கள் குறைந்ததற்கு அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில சமயம் அது வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. பாட்டுகள் இடைவெளியின்றி ஒன்றுக்குள் ஒன்று ஓடுவது சிடியில் ஒரு வசதியாகவே கருதப்படவில்லை, அது இயல்பு. தட்டு ஒரே நீண்ட சுருள், நடுவில் எண் மட்டும் மாறும். எம்பி3 வந்தபோது ஒவ்வொரு பாட்டும் தனிக் கோப்பாகி, ஓரங்களில் மௌனம் ஒட்டிக்கொண்டது. மேடைக் கச்சேரிப் பதிவில் கைதட்டல் பாதியில் விக்கி விக்கி வந்தது. இடைவெளியில்லாமல் ஓட்டுவதைப் பிறகு புதிய அம்சம் என்று விளம்பரம் செய்தார்கள்.

சீன நிறுவனங்கள் சில இப்போது புதிதாகக் கையடக்க சிடி பிளேயர்கள் செய்கின்றன. வாங்கிப் பார்த்தேன். ஒலி நன்று, பேட்டரி நன்று. டெனான் தட்டைப் போட்டேன். பாட்டு எண் வந்தது, நேரம் வந்தது. இன்டெக்ஸ் இல்லை.

சித்தப்பாவின் பிளேயருக்குப் போன வருடம் புது லேசர் போட்டேன். பழுதுபார்த்தவருக்கு என்னைவிட வயது குறைவு. பெட்டியைத் திருப்பி, பின்புறத்தில் இருந்த சிறிய கறுப்பு பிளாஸ்டிக் மூடியைச் சுட்டி, இது என்ன சார் என்றார். துணைக்குறிகளை வெளியே எடுப்பதற்கான இணைப்பு. சிடிபி-101 காலத்திலிருந்தே சில பிளேயர்களில் இப்படி ஒன்று உண்டு. நாளைக்குப் படம் காட்டும் பெட்டி வரும், அதை இதில் செருகலாம் என்று வைத்தது. அவர் திருகாணிமுனையால் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே ஊசிகள் பொன்னிறத்தில் மின்னின, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"இதுல எதையும் செருகினதே இல்லையா சார்?" என்றார். மூடியைத் திரும்ப மாட்டச் சொன்னேன்.